அரிவாள் கீழே, பவர்பேங்க் மேலே, ரவைக்கோது எங்கேயும் வேண்டாம்: திருகோணமலையிலிருந்து பறப்பவர்கள் பொதி கட்டும் முறை

எதைச் சூட்கேஸுக்குள் வைப்பது, எதைக் கைப்பைக்குள் வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். கனடா மாமா ஒன்று சொல்வார், டுபாயில் வேலை செய்கிற தம்பி அதற்கு நேர்மாறாகச் சொல்வான். இரண்டு பேரும் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் நாட்டுக்கு நாடு, விமானத்துக்கு விமானம் நுணுக்கங்கள் மாறுகின்றன. அடிப்படை மட்டும் மாறுவதில்லை. சாமானைக் கையில் எடுத்து மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: ஒரு ஆள் இதைப் பிடித்து இன்னொருவரை வெருட்டவோ காயப்படுத்தவோ முடியுமா? முடியுமென்றால் அது கீழே, யாருக்கும் கை எட்டாத சாமான் அறைக்குப் போக வேண்டும். இரண்டாவது: யாரும் தொடாமலே தானாகச் சூடேறிப் பற்றக்கூடிய மின்கலச் சாமானா? அப்படியானால் மேலே, உங்களோடு. புகை வந்தால் உடனே கண்ணில் படும், அணைக்க ஆள் இருக்கும். மூன்றாவது: வெடிக்குமா? வெடிக்குமென்றால் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. துவக்கு முதலாவது கேள்விக்குள் விழுகிறது. அதன் ரவை மூன்றாவதுக்குள் விழவேண்டியது, ஆனால் கடும் நிபந்தனைகளோடு கீழே விடுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

திருகோணமலைக்காரருக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இல்லை. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஐந்தாறு மணித்தியாலம் வான் வண்டிக்குள் குந்தியிருந்து போய்ச் சேருகிறோம். நீர்கொழும்பில் வீடுள்ளவர் வாசலில் கழித்துவிட்ட சாமானை அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பலாம். நமக்கு அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். ஆகவே முடிவெல்லாம் முதல் நாள் இரவு வீட்டு விறாந்தையிலேயே எடுக்கப்பட வேண்டும். வான்காரரையும் இறக்கிவிட்ட கையோடு அனுப்பிவிடாதீர்கள். வாசலில் முதல் ஸ்கேன் முடிந்து, செக்-இன் கவுண்டரில் பொதி ஏறும்வரை அவர் வெளியில் நிற்கட்டும். ஒரு தேநீர்க் காசுதான் செலவு.

கத்தி, அரிவாள், துருவலை

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அம்மா அனுப்புகிற சாமான்களில் மிளகாய்த்தூளுக்கு அடுத்தது இரும்புதான். மீன் வெட்டுகிற அரிவாள், கொல்லன் பட்டறையில் அடித்த கத்தி, தேங்காய்த் துருவலை. அங்கே கடையில் வாங்கினால் ஆகாதா என்று கேட்கக் கூடாது. ஆகாது. சூரையை அரிவாளில் அரிந்து பழகிய கை, சமையலறைக் கத்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

இவை எல்லாமே செக்-இன் பொதிக்குள் போகலாம். கைப்பையில் மட்டும் கூடாது. ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் 6 சென்டிமீற்றருக்கு மேற்படாத அலகுள்ள சிறு கத்தியைக் கைப்பையில் விடுவார்கள். அமெரிக்காவில் முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தியைத் தவிர எதையும் விடமாட்டார்கள். 2013இல் சிறிய கத்திகளை அனுமதிக்கலாமென்று அங்கே ஒரு யோசனை வந்தது. விமானப் பணியாளர்களின் எதிர்ப்பில் அதே ஆண்டு ஜூனில் கைவிட்டார்கள். இந்த அளவுகளையெல்லாம் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. இடையில் ஒரு நாட்டில் விமானம் மாறும்போது கைப்பையை மறுபடியும் சோதிப்பார்கள், அங்கே அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். அலகுள்ள எதுவும் கீழே என்று வைத்துக்கொண்டால் தலையிடி இல்லை. நகவெட்டியோடு சேர்ந்த சின்னக் கத்தி, சாவிக்கொத்தில் தொங்குகிற மடக்குக் கத்தி, தையல் பெட்டிக் கத்தரிக்கோல் எல்லாம் இதற்குள் அடக்கம்.

கட்டும் விதம்தான் முக்கியம். சூட்கேஸைத் திறந்து பார்க்கிற உத்தியோகத்தர் உள்ளே கையை விடுவார். அந்தக் கை வெட்டுப்படக் கூடாது. விதியின் நோக்கம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

முதலில் கத்தியைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தோடு சுற்றினால் போய்ச் சேரும்போது துருப்பிடித்திருக்கும், மீன்நாற்றம் உடுப்பில் ஏறியிருக்கும். அலகில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் துடையுங்கள். தடித்த காட்போர்ட் மட்டையை அலகைவிட இரண்டு விரல் நீளமாக வெட்டி, நடுவில் மடித்து, கூர்ப்பக்கம் மடிப்புக்குள் வராமல் திறந்த பக்கத்தைப் பார்க்கும்படி வையுங்கள். மடிப்பில் வைத்தால் குலுக்கலில் கத்தி மட்டையை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நிறையப் பேருக்குப் பிழைப்பது இந்த இடத்தில்தான். திறந்த பக்கத்துக்கு இன்னொரு மட்டைத்துண்டை உறைபோல மடித்துப் போட்டு, முனையையும் மூடி, பழுப்பு டேப்பால் பிடியிலிருந்து முனைவரை இறுக்கிச் சுற்றுங்கள். அதன்மேல் பழைய துவாய் ஒன்று. மேலே ஒரு கடதாசியில் ‘கத்தி’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். அவிழ்க்கிறவர் அவதானமாக அவிழ்ப்பார்.

அரிவாளில் அலகு நிமிர்ந்து நிற்கும், கீழே பலகை. கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் பலகையைச் சூட்கேஸின் அடியோடு ஒட்டவைத்து, அலகைச் சாய்த்து, சுற்றிச் சாறமும் போர்வையும் அடையுங்கள். துருவலையின் பல்லுள்ள தலைக்கு ஒரு பிளாஸ்டிக் யோகட் கோப்பையைக் கவிழ்த்து டேப் ஒட்டினால் அதுவே உறை. எதையும் சூட்கேஸின் ஓரத்தில் வைக்காதீர்கள். எறிகிற எறியில் ஓரம்தான் முதலில் அடிபடும்.

பெரிய கத்தி அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சொல். விமானத்தில் ஏற்றலாம் என்பதும், போய் இறங்குகிற நாட்டுக்குள் கொண்டுபோகலாம் என்பதும் வேறு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘ஸொம்பி’ எனப்படும் மிரட்டும் தோற்றமுள்ள கத்திகளையும், அதே வகை மச்செட்டி என்கிற பெரிய வெட்டுக்கத்திகளையும் 2024 செப்டெம்பர் 24 முதல் வைத்திருப்பதே குற்றம். நம் ஊர் மன்னாக்கத்தியின் சாதாரண வடிவம் அந்த வரைவிலக்கணத்துக்குள் விழாமல் போகலாம், ஆனால் ஹீத்ரோ சுங்கத்தில் நின்று அதை விளக்குகிற வேலை உங்களுக்குத் தேவையா? பற்றை வெட்ட அங்கே காடு இல்லை. மன்னாக்கத்தியை வீட்டில் விடுங்கள்.

கோயில் சாமான்களும் இதே கணக்கில் வரும். வெளிநாட்டுக் கோயில்களுக்கு நேர்த்தி வைத்துக் கொண்டுபோகிற வேல், சூலம், அலகு, செடில்முள் எல்லாம் கூர்ப்பொருட்கள். செடில்முட்களை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடியை டேப்பால் ஒட்டி, கீழே வையுங்கள். கையிலே கொண்டுபோனால்தான் புனிதம் என்று சில பெரியவர்கள் நிற்பார்கள். பாதுகாப்பு உத்தியோகத்தர் அதைப் பறித்துத் தொட்டியில் போட்ட பிறகு என்ன புனிதம் மிஞ்சும் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கிவருவார்கள்.

ஸ்கேன் திரை எப்படிப் பார்க்கிறது

எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, கடதாசி, பிளாஸ்டிக் போன்றவை செம்மஞ்சளாகத் தெரியும். உலோகம் நீலம். இரண்டும் கலந்தால் பச்சை. கதிர் ஊடுருவ முடியாத தடிப்பு கறுப்பு. திரைக்கு முன்னால் இருப்பவருக்கு உங்கள் அம்மாவின் மிளகாய்த்தூள் பொதி தெரியாது, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி தெரியும். அதன்மேல் நீல வயர் சுருண்டு கிடந்து, பக்கத்தில் ஒரு மின்கலமும் இருந்தால் அவர் பொதியை நிறுத்தத்தான் செய்வார். நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தாலும் நிறுத்துவீர்கள்.

ஆகவே மாச்சாமான்களையும் வயர்களையும் ஒரே பக்கத்தில் அடுக்காதீர்கள். அரிசிமா, ஒடியல்மா, தூள் வகைகளை மெல்லிய பொதிகளாக்கிச் சூட்கேஸ் முழுவதும் பரப்பி வையுங்கள். சார்ஜர் வயர்களைச் சுருட்டித் தனிப் பையில் போட்டு மறு மூலையில் வையுங்கள். கத்தியைத் தட்டையாகக் கிடத்துங்கள். தட்டையாகக் கிடந்தால் திரையில் கத்தி கத்தியாகவே தெரியும், செக்-இன் பொதியில் கத்தி இருப்பது குற்றமில்லை. செங்குத்தாக நிறுத்தினால் என்னவென்று புரியாத ஒரு நீலக்கோடு. புரியாததைத்தான் திறப்பார்கள். கருவாட்டுக்குள்ளே கத்தியை ஒளித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட சாமானை ஒளித்து வைத்துச் சந்தேகத்தை விலைக்கு வாங்குவதேன்?

பவர்பேங்க், டோர்ச், மின்கலம்

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானமொன்று எரிந்தது. தலைக்கு மேலுள்ள சாமான் தட்டிலிருந்து தீ தொடங்கியது, பவர்பேங்க் ஒன்றின்மேல் சந்தேகம் விழுந்தது. பயணிகள் எல்லோரும் இறங்கித் தப்பினார்கள். தீ பயணிகள் பகுதியில் பிடித்ததால் உடனே கண்டார்கள். அதே பவர்பேங்க் நடுவானில், சாமான் அறையில், சூட்கேஸ்களுக்கு நடுவில் எரிந்தால்? அங்கே தானியங்கி அணைப்பான் இருந்தாலும், லித்தியம் மின்கலம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டு போவதை அது முழுதாக அடக்காது. பவர்பேங்கைக் கீழே வைக்காதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கணக்குச் சுலபம். மின்கலம் கொள்ளும் மின்சக்தியை வாட்-மணியில் அளக்கிறார்கள்; 100 வாட்-மணிவரை அனுமதி. 100இலிருந்து 160வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது. 160க்கு மேல் கொண்டுபோகவே முடியாது. பவர்பேங்கின் முதுகில் மில்லி அம்பியர்-மணி மட்டும் எழுதியிருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111, கேட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். எழுத்து அழிந்துபோன மலிவுப் பவர்பேங்குகளைச் சில விமான நிலையங்களில் வாங்கி வைத்துவிடுவார்கள். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் என்றும், விமானத்துக்குள் பாவிக்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டது. டுபாய் வழியாகப் போகிற நம்மவர்கள் ஏராளம், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

நிலாவெளியில், புறாமலைப் பக்கம் சுழியோடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் கூடுதலாக வேலை வைக்கும். நீருக்கடியில் பாவிக்கிற டைவிங் டோர்ச் சாதாரண டோர்ச் அல்ல. தண்ணீர் இல்லாத இடத்தில் தற்செயலாக எரியத் தொடங்கினால் கொதிக்கும், பக்கத்துத் துணியைப் பற்றவைக்கும். அதற்கு விமான நிறுவனத்தின் முன்சம்மதம் தேவை. மின்கலத்தைக் கழற்றி, அதன் முனைகளில் டேப் ஒட்டி, தனிப் பையில் கைப்பைக்குள் வையுங்கள். டோர்ச்சின் உடம்பை மின்கலம் இல்லாமல் வையுங்கள். டைவிங் கத்தி கீழே. ரெகுலேட்டரையும் டைவ் கம்பியூட்டரையும் கையில் கொண்டுபோவதே நல்லது, விலையும் அப்படி, அடிபட்டால் நிலையும் அப்படி. காற்று அடைத்த சிலிண்டரை ஏற்றவே மாட்டார்கள். வால்வைத் திறந்து உள்ளே வெறுமை என்று காட்ட முடிந்தால் சில நிறுவனங்கள் ஏற்கும். ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பதைவிடப் போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பது புத்தி. மீன் சுடுகிற ஈட்டித்துவக்கு கைப்பையில் ஒருபோதும் வராது, அதை இறக்குமதி செய்யவே விடாத நாடுகளும் உண்டு.

துவக்கு

இலங்கையில் துவக்கைப் பொதியில் கட்டிப் பறக்கிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம்: குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்கள், சில வெளிநாட்டு வருகையாளர்கள், உத்தியோகக் கடமையில் போகிறவர்கள். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேட்டைக்கும் போட்டிக்கும் துவக்கு வைத்திருக்கிற நம்மவர்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களும் இதைக் கேட்கிறார்கள். அதனால் படிப்படியாகச் சொல்கிறேன்.

காகிதத்திலிருந்து தொடங்குங்கள், பெட்டியிலிருந்து அல்ல. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடித்தளம். வயலில் பன்றி விரட்ட வைத்திருக்கிற வேட்டைத் துவக்கின் அனுமதிப்பத்திரம் வருடாவருடம் புதுப்பிக்கிறது, அது வைத்திருக்க மட்டும்தான். நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் பாதுகாப்பு அமைச்சின் தனி அனுமதி வேண்டும். போகிற நாட்டின் அனுமதி அடுத்தது. பிரித்தானியாவுக்கு அங்கேயிருக்கிற ஒருவர் உங்களுக்காகப் பொலிஸில் வருகையாளர் அனுமதி விண்ணப்பிக்க வேண்டும். கனடாவில் நீளத்துவக்குக்கு எல்லையில் ஒரு அறிவிப்புப் படிவம், கட்டணம் 25 கனேடிய டொலர், 60 நாள் செல்லும். கைத்துப்பாக்கி கொண்டுபோவது 2022 முதல் அங்கே கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. அமெரிக்காவுக்குப் போகிற வெளிநாட்டவர் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுத்திருக்க வேண்டும். இடையில் விமானம் மாறுகிற நாட்டையும் மறக்காதீர்கள். பொதி கையில் கிடைக்காமல் நேரே போனாலும் சில நாடுகள் தங்கள் மண்ணில் இறங்குகிற துவக்குக்கு அனுமதி கேட்கும். காகிதம் எல்லாம் கையில் வராமல் டிக்கெட்டுக்குக் காசு கட்டாதீர்கள்.

அதற்கடுத்து விமான நிறுவனம். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் யாரோ ‘ஓகே சேர்’ சொன்னது கவுண்டரில் செல்லாது. இரண்டு நிறுவனங்களில் மாறிப் போகிறீர்களென்றால் இரண்டிடமும் வாங்க வேண்டும். துவக்கையே ஏற்காத நிறுவனங்கள் இருக்கின்றன.

இனிப் பெட்டி. துணிப்பை, மென்தோல் உறை எதுவும் ஆகாது. கடினமான ஓடுள்ள பெட்டி, பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பூட்டியிருந்தால் மட்டும் போதாது, பூட்டிய பிறகு ஓரத்தை இழுத்து உள்ளே கைவிட முடியாமல் இருக்க வேண்டும். சோதிக்கிறது எளிது. பெட்டியை நிலத்தில் வைத்துப் பூட்டி, பூட்டில்லாத மூலையில் இரண்டு கையாலும் மூடியைத் தூக்குங்கள். விரல் நுழையுமென்றால் அந்தப் பெட்டி ஆகாது, அல்லது இன்னொரு பூட்டு வேண்டும். பூட்டுத்துளை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில். மற்றப் பொதிகளுக்கு உத்தியோகத்தர் திறக்கக்கூடிய பூட்டு நல்லது, துவக்குப் பெட்டிக்கோ உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாத பூட்டு. திறக்க வேண்டுமென்றால் உங்களைக் கூப்பிடுவார்கள்.

துவக்கை வெறுமையாக்குவது வீட்டில் நடக்க வேண்டிய வேலை, விமான நிலையத்தில் அல்ல. ரவைக்கூட்டைக் கழற்றுங்கள், துவக்கில் ரவை இருக்கும் அறையைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட் கழற்றக்கூடியதென்றால் கழற்றி அதே பெட்டிக்குள் வையுங்கள். இரட்டைக்குழலை மடித்துப் பிரித்து வைத்தால் பார்க்கிறவருக்கே தெரியும் வெறுமையென்று. போல்ட், ரவைக்கூடு, குழல் போன்ற பாகங்கள் தனியாகவும் கைப்பையில் வரக்கூடாது. குறிபார்க்கும் தொலைநோக்கியை மட்டும் அமெரிக்காவில் கையில் விடுகிறார்கள். அமெரிக்கச் சோதனைச் சாவடிகளில் 2024இல் கைப்பைகளிலிருந்து பிடிபட்ட துவக்குகள் 6,678, அவற்றில் நூற்றுக்கு 94 பங்கு ரவை ஏற்றியவை. பிடிபட்டவர்களில் பெரும்பாலானோர் சொல்கிற பதில் ‘பையில் இருந்தது மறந்துபோச்சு’. வேட்டைக்குக் கொண்டுபோன பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். வேறு பை வாங்குங்கள்.

ரவை: ஆளுக்கு 5 கிலோ, பெட்டியின் பாரத்தோடு சேர்த்து. 12 போர் (இது குழலின் அளவு) வேட்டைத் துவக்கு ரவை 25 கொண்ட பெட்டி ஒரு கிலோவைத் தாண்டும், நாலு பெட்டியிலேயே எல்லை கிட்டிவிடும். குடும்பத்தில் நாலு பேர் போகிறோம், சேர்த்து 20 கிலோ ஒரே பெட்டியில் கட்டுகிறோம் என்பது நடக்காது, அவரவர் பங்கு அவரவர் பொதியில். கடையில் வந்த பெட்டியிலோ அதற்கென்று செய்த பெட்டியிலோ ஒவ்வொன்றும் ஆடாமல் நிற்க வேண்டும். பொலித்தீன் பையில் கொட்டி முடிந்து வைப்பதும், ரவைக்கூட்டில் ஏற்றி வைப்பதும் வேண்டாம். வெடிக்கும் முனை, எரியும் முனை உள்ள ரவைகளும், தனி வெடிமருந்தும் எந்தப் பொதியிலும் கூடாது. அமெரிக்க விதி சரியாகப் பெட்டியிலிட்ட ரவையைத் துவக்கோடு ஒரே கடினப் பெட்டியில் வைக்க விடுகிறது. மற்ற இடங்களில் பிரித்துக் கேட்பார்கள். முதலிலேயே பிரித்துக் கட்டினால் எங்கேயும் செல்லும்.

கவுண்டரில் கதைக்கிற விதமும் ஒரு படிதான். வரிசையில் நின்று, முறை வந்ததும் மெல்லிய குரலில், முழு வசனமாக: ‘இந்தப் பெட்டியில் வெறுமையான துவக்கு ஒன்றிருக்கிறது, அறிவிக்க வேண்டும். இது அனுமதிப் பத்திரம்.’ காகிதத்தை நீட்டிக்கொண்டே சொல்லுங்கள். ‘கன்’ என்ற சொல்லை மட்டும் உரத்துச் சொல்லிவிட்டுக் காகிதத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழையும்போதே பொதிகளை ஸ்கேன் பண்ணுகிறார்கள், ஆகவே அறிவிப்பு கவுண்டருக்கு முன்னால், வாசலிலேயே தொடங்குகிறது. அவர்கள் திரையில் கண்ட பிறகு சொல்வதற்கும், காண முன்னரே நீங்கள் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பல மணித்தியாலம். சாதாரணப் பயணிக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக என்றால், உங்களுக்கு ஐந்து. பெட்டி சோதனை முடிந்து போய்விட்டது என்று ஆள் வந்து சொல்லும்வரை கவுண்டர் பக்கத்தைவிட்டு நகராதீர்கள்.

2017 ஜனவரி 6 அன்று புளோரிடாவின் போர்ட் லோடர்டேல் விமான நிலையத்தில் ஒருவர் முறைப்படி அறிவித்துக் கொண்டுவந்த துவக்கைச் சாமான் எடுக்கும் இடத்தில் பெற்று, ரவை ஏற்றி, 5 பேரைச் சுட்டுக்கொன்றார். அதன்பிறகு சில நிறுவனங்கள் துவக்குப் பொதியைச் சுற்றுப்பட்டியில் விடுவதில்லை, பிளாஸ்டிக் பட்டி இறுக்கி அலுவலகத்தில் கையளிக்கின்றன. சுற்றுப்பட்டியில் வரவில்லையே என்று பதறாமல் சாமான் அலுவலகத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் இறங்கினால் சிவப்பு வழியால் போய்ச் சுங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்கு, கைத்துப்பாக்கி வடிவ லைட்டர், அலங்காரத்துக்குச் சுவரில் தொங்கவிடுகிற போலித் துவக்கு எல்லாம் திரையில் ஒரே வடிவம். தீபாவளிக்கு வாங்கிய பொட்டுத் துவக்கென்றாலும் கைப்பையில் வேண்டாம். சூட்கேஸில் போடலாம், பொட்டுவெடி இல்லாமல். காற்றுத் துவக்கைப் பல நிறுவனங்கள் உண்மைத் துவக்கின் கணக்கிலேயே எடுக்கின்றன. வடிவ லைட்டரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

ரவைக்கோது

இதை நம் ஊருக்காகவே எழுதுகிறேன். போர் நடந்த மாவட்டம் இது. பற்றைக்காட்டிலும் கடற்கரையிலும் பிள்ளைகள் பொறுக்கிய வெற்றுக்கோதுகள் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. பளபளப்பாக்கிச் சாவிக்கொத்தாகத் தொங்கவிடுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் நினைவுக்கென்று கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். தயவுசெய்து வேண்டாம். மருந்து இருக்கிறதா இல்லையா என்பது திரையில் தெரியாது, தெரிவது ரவையின் வடிவம். வெறும் கோது என்று நீங்கள் சொல்வது விசாரணை முடிந்த பிறகுதான் உண்மையாகும், விமானம் அதற்குள் போய்விடும். சிங்கப்பூரில் வெற்றுக்கோதுக்கும் அனுமதி வேண்டும். சென்னை, டெல்லி விமான நிலையங்களில் பையின் மூலையில் கிடந்த ஒற்றை ரவைக்காக ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகிறது. இலங்கைக்குள்ளேயே அனுமதியில்லாமல் ரவை வைத்திருப்பது குற்றம். தமிழ்ப் பெயரோடு, திருகோணமலை முகவரியோடு, கையில் ரவையோடு நின்று விளக்கம் சொல்வது எப்படிப்பட்ட விடயம் என்று நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றில்லை.

வெடிக்காத ஒன்றைக் கண்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். பழைய பைகளைப் பயணத்துக்கு எடுக்கும்போது உள்வரியையும் ஸிப் வைத்த சிறு அறைகளையும் பிரட்டி உதறுங்கள்.

கொப்பரா, கற்பூரம், யானை வெடி

யாரும் ஆயுதமென்று நினைக்காத மூன்று. கொப்பரா எண்ணெய்ச் சத்தோடு தானே சூடேறும் பொருள், சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலில் 1363 என்ற இலக்கத்தில் இருக்கிறது. மேலேயும் கீழேயும் கூடாது. ஈரமான முழுத் தேங்காய் வேறு கதை, அது சூட்கேஸில் போகும். கற்பூரம் தீப்பற்றும் திண்மம், கோயில் சாமான் பொதியிலிருந்து அதைப் பிரித்து எடுங்கள். ஊதுபத்தியும் விபூதியும் போகட்டும். கந்தளாய், மூதூர்ப் பக்க வயல்காரரிடம் யானை வெடி இருக்கும், மத்தாப்பும் சீன வெடியும் எல்லா வீட்டிலும் இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆசையாகக் கட்டிக்கொடுக்கிற பாட்டிமார் உண்டு. எந்தப் பொதியிலும் இல்லை, பேச்சே இல்லை. தீப்பெட்டி, லைட்டர் இரண்டில் ஒன்றைச் சட்டைப்பையில் விடுகிற நாடுகள் உண்டு. இந்தியாவில் அதுவும் இல்லை.

சாராயம் கொண்டுபோகிறவர்களுக்கு: நூற்றுக்கு 24இலிருந்து 70வரை மதுசாரம் உள்ள போத்தல், கடையில் வந்தபடி மூடியிருந்தால் ஆளுக்கு 5 லீற்றர்வரை கீழே விடுவார்கள். சுங்கம் எவ்வளவு விடும் என்பது தனி.

மூட முன்

சூட்கேஸை மூட முன்னர் உள்ளே இருப்பதைக் கைபேசியில் படமெடுங்கள், ஒவ்வொரு அடுக்காக. பொதியைத் திறக்கக் கூப்பிட்டால், ‘அம்மா கட்டினது, என்ன இருக்குதென்று தெரியாது’ என்பதைப்போல மோசமான பதில் இல்லை. பொதியைக் கட்டியது நீங்களா, யாராவது உங்களிடம் சாமான் தந்தார்களா என்று கவுண்டரில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிய வேண்டுமென்றால், அயலட்டைக்காரர் ‘தம்பி, இதை மட்டும் ஒருக்கா மகளிட்டைக் குடுத்துவிடு’ என்று ஒட்டித் தருகிற பொதியை அவர் முன்னாலேயே பிரிக்க வேண்டும். மாமி கோபிப்பா. ‘மாமி, எயார்போட்டில அவங்கள் பிரிக்கிறதைவிட நான் பிரிக்கிறது நல்லதுதானே’ என்று சொல்லிவிட்டுப் பிரியுங்கள், திரும்ப அழகாக ஒட்டிக்கொடுங்கள்.

செக்-இன் முடிந்த பிறகும் கைபேசியைச் சத்தத்தோடு வைத்திருங்கள், பெயர் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுங்கள். பொதி ரசீதைக் கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். அரிவாள் போன பொதியின் ரசீது எது என்று அதன்மேல் ஒரு கோடு போட்டு வைத்தால், கூப்பிடும்போது நாலு சூட்கேஸையும் திறந்துகாட்ட வேண்டியிராது.